வீட்டு நூலகத்துக்கு ஒரு பட்டியல்: அடுக்குவது வேறு, பதிவது வேறு

வீட்டில் புத்தகங்கள் இரண்டு மூன்று அலமாரிகளுக்குப் பெருகியதும் "இவற்றுக்கு ஒரு கேட்டலாக் போட வேண்டும்" என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சில் நாலைந்து தனித்தனி வேலைகள் கலந்து கிடக்கின்றன. சிலர் புத்தகங்களை வகைபிரித்து அடுக்குவதையே அப்படிச் சொல்கிறார்கள். சிலர் செல்பேசிச் செயலியைத் திறந்து, பின்னட்டையில் உள்ள பார்கோடுகளை வரிசையாக ஸ்கேன் செய்வதைச் சொல்கிறார்கள். முதுகில் எண் எழுதி ஒட்டினால் வேலை முடிந்தது என்பவர்களும் உண்டு. இவற்றில் ஒன்றைச் செய்துவிட்டு மற்றவையும் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வதால்தான், நாள் முழுக்க உழைத்த பிறகும் வேண்டிய நேரத்தில் வேண்டிய நூல் கைக்கு வராமல் போகிறது.

அபுனைவு நூல்களை அதிகம் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் கூடுதலாகவே வலிக்கும். அபுனைவு என்பது வரலாறு, அறிவியல், சமூகம், மருத்துவம், வாழ்க்கை வரலாறு என்று கற்பனைக் கதை அல்லாத எல்லா எழுத்தும். ஒரு நாவலைத் தேடும்போது அதன் பெயரோ ஆசிரியரோ நினைவில் இருக்கும். அபுனைவு நூலை நாம் பெரும்பாலும் ஒரு கேள்வியோடு தேடுகிறோம். "மண் அரிப்பைப் பற்றி எதிலோ படித்தேனே, அது எது?" என்ற கேள்விக்கு, அகரவரிசையில் அழகாக அடுக்கிய அலமாரியால் பதில் சொல்ல முடியாது.

## ஓர் இருக்கை, பல பட்டியல்கள்

பள்ளியில் படிக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். வகுப்பில் அவளுக்கு ஓர் இருக்கைதான் உண்டு. ஆனால் அவள் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கும். ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தவர்களின் தாளில் இருக்கும். பாட்டுக் குழுவின் பட்டியலிலும் இருக்கும். பாடத் தெரிந்தவர்கள் யார் என்று கேட்டால் ஆசிரியர் இருக்கை இருக்கையாகப் போய்ப் பார்ப்பதில்லை, பட்டியலைத்தான் பார்க்கிறார். அவளை வேறு வரிசைக்கு மாற்றி உட்காரவைத்தாலும் இந்தப் பட்டியல்களில் எதுவும் மாறாது.

புத்தகமும் இப்படித்தான். ஒரு பிரதி அலமாரியில் ஒரே ஓர் இடத்தில்தான் நிற்க முடியும். அந்த இடத்தை முடிவு செய்வதற்காக நூல்களை வகைபிரிப்பது பகுப்பு. ஒவ்வொரு நூலைப் பற்றியும் விவரம் எழுதி, பல வழிகளில் தேடிச் சென்றடைய வசதி செய்வது நூற்பட்டியல். அதில் ஒரு நூலுக்கு உரிய விவரங்களின் தொகுப்பு நூல் பதிவு. மாணவியின் வரிசை எண்ணைப் போல ஒவ்வொரு பிரதிக்கும் நாம் கொடுக்கும் தனி எண் சேர்க்கை எண்.

பட்டியல் எதற்காக என்பதைச் சார்லஸ் கட்டர் என்ற அமெரிக்க நூலகர் 1876-இலேயே தெளிவாக எழுதிவைத்தார். ஆசிரியர், தலைப்பு, பொருள் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று தெரிந்தவருக்கு அந்த நூல் கிடைக்க வேண்டும். ஓர் ஆசிரியர் எழுதியவற்றில், ஒரு பொருளைப் பற்றியவற்றில் இந்த நூலகத்தில் என்னென்ன இருக்கின்றன என்று தெரிய வேண்டும். கிடைத்தவற்றில் எதை எடுப்பது என்று முடிவு செய்யவும் பட்டியல் உதவ வேண்டும். ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் கழித்தும் ஒரு பட்டியலைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. நம் வீட்டுப் பட்டியல் தலைப்புகளை மட்டும் வரிசையாகச் சொல்கிறது என்றால் கட்டரின் முதல் தேவையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் நிறைவேற்றுகிறது.

## அலமாரியில் எந்த இடம்?

அதே 1876-இல் மெல்வில் டூயி என்ற இன்னோர் அமெரிக்கர் தன் தசமப் பகுப்பு முறையை வெளியிட்டார். பொது நூலகத்தில் நூலின் முதுகில் காணும் மூன்று இலக்க எண்கள் பெரும்பாலும் இந்த முறையைச் சேர்ந்தவை. அறிவுத்துறைகள் அனைத்தையும் அவர் பத்துப் பெரும் வகுப்புகளாகப் பிரித்தார். 100 தத்துவமும் உளவியலும், 200 சமயம், 300 சமூக அறிவியல், 400 மொழி, 500 இயற்கை அறிவியல், 600 தொழில்நுட்பம், 700 கலைகள், 800 இலக்கியம், 900 வரலாறும் புவியியலும். எதிலும் அடங்காத பொது நூல்களும் கணினியியலும் 000-இல் வரும்.

இந்த எண்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதை ஒரு நூலை வைத்தே பார்க்கலாம். தேனீக்களைப் பற்றிய ஒரு நூல் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 500 அறிவியல். அதற்குள் 590 விலங்குகள். 595-க்குள் பூச்சிகளும் அவற்றுக்கு நெருக்கமான முதுகெலும்பற்ற உயிரினங்களும் வருகின்றன. 595.7 பூச்சிகள். 595.79 எறும்பு, குளவி, தேனீ ஆகியவை அடங்கிய வரிசை. 595.799 தேனீக்கள். ஒவ்வோர் இலக்கமும் கூடக் கூட வட்டம் சுருங்குகிறது. தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்பதால், புதிய துறை தோன்றினாலும் பழைய எண்களைக் கலைக்காமல் இடையில் இடம் கொடுக்க முடிகிறது. முறையின் வலிமை இதில்தான் இருக்கிறது.

ஆனால் அதே நூலின் பிற்பாதி தேனீப் பெட்டி வைத்து வளர்ப்பது எப்படி என்று சொல்கிறது என்றால்? தேனீ வளர்ப்பு ஒரு தொழில், அதன் எண் 638.1. அது வேளாண்மைக்குள், 600-களில் வருகிறது. பாதி நூலை அங்கேயும் பாதியை இங்கேயும் வைக்க முடியாது. நூலின் பெரும்பகுதி எதைப் பற்றியது, ஆசிரியர் யாருக்காக எழுதினார் என்று பார்த்து ஏதாவது ஓர் இடத்தை முடிவு செய்துவிட வேண்டியதுதான். எதை முடிவு செய்தாலும் மற்ற இடத்தில் தேடுபவருக்கு அது கிடைக்காது. எவ்வளவு நுணுக்கமான பகுப்பு முறையாலும் இதைத் தீர்க்க முடியாது, ஏனென்றால் இது முறையின் குறை கிடையாது. பொருள் ஒன்று ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருக்க முடியாது, அவ்வளவுதான்.

ஆகவே வீட்டில் டூயியின் முழு எண்ணையும் முதுகில் எழுதி ஒட்டுவது வீண் உழைப்பு என்பது என் கருத்து. சில நூறு நூல்களுக்குப் பத்துப் பன்னிரண்டு பெரிய பிரிவுகள் போதும். இந்தப் பிரிவுகள் டூயியின் பத்தாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. வரலாற்று ஆர்வலர் வீட்டில் வரலாற்றுக்கு மட்டும் நான்கு பிரிவுகளும், அறிவியல் முழுவதற்கும் ஒன்றும் இருக்கலாம். ஒரு பிரிவில் நூல்கள் பெருகி, கண்ணால் துழாவிக் கண்டுபிடிக்கச் சிரமமாகும்போது அதை இரண்டாகப் பிரித்தால் போதும்.

சுருக்கமாகச் சொன்னால், அலமாரியின் வேலை முரட்டு வேலை. எந்த மூலைக்குப் போக வேண்டும் என்று அது சொன்னால் போதும். நுட்பமான வேலையைப் பட்டியல் பார்த்துக்கொள்ளும்.

## ஒரு பதிவில் என்னென்ன இருக்க வேண்டும்?

முன்பு நூலகங்களில் இழுப்பறைகளில் அடுக்கிய அட்டைகள் இருக்கும். ஒரே நூலுக்கு ஆசிரியர் பெயரில் ஓர் அட்டை, தலைப்பில் ஓர் அட்டை, பொருளில் ஒன்றோ இரண்டோ என்று எழுதி, ஒவ்வொன்றையும் அதற்குரிய அகரவரிசையில் செருகுவார்கள். கணினியில் ஒரே பதிவை எழுதினால் போதும். எந்தப் புலத்தை வைத்தும் தேடலாம். புலம் என்பது பதிவில் ஒரு வகை விவரத்துக்கென ஒதுக்கிய கட்டம். எக்செல் போன்ற சாதாரண விரிதாளில் ஒரு நெடுவரிசை ஒரு புலம், ஒரு கிடைவரிசை ஒரு பதிவு.

வீட்டுக்குத் தேவையான புலங்கள் மிகச் சில: சேர்க்கை எண், ஆசிரியர், தலைப்பு, பதிப்பும் ஆண்டும், பதிப்பகம், பொருட்சொற்கள் (நூல் எதைப் பற்றியது என்று சொல்லும் சொற்கள்), அலமாரிப் பிரிவு, குறிப்பு. மொழிபெயர்ப்பு நூல்கள் மிகுதி என்றால் மொழிபெயர்ப்பாளருக்கும் ஒரு புலம் சேர்த்துக்கொள்ளலாம். பக்கங்களின் எண்ணிக்கை, அளவு, அட்டை வகை, விலை ஆகியவற்றை எழுதத் தொடங்கினால் ஐம்பதாவது நூலிலேயே சலிப்பு தட்டிவிடும்.

இவற்றில் பதிப்பும் ஆண்டும் அபுனைவுக்கு உயிர்நாடி. ஒரு மருத்துவ நூலின் மூன்றாம் பதிப்பில் மாற்றப்பட்ட அறிவுரை முதல் பதிப்பில் பழையபடியே இருக்கும். இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். உள்ளடக்கம் திருத்தப்பட்டு வருவது புதிய பதிப்பு. அதே பக்கங்களை மீண்டும் அச்சடிப்பது மறு அச்சு. பல நூல்களில் இரண்டுக்குமே "பதிப்பு" என்றே போட்டுவிடுவதால், தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் உள்ள எல்லா ஆண்டுகளையும் ஒருமுறை படித்துவிட்டு, உள்ளடக்கம் கடைசியாக எப்போது திருத்தப்பட்டதோ அந்த ஆண்டை எழுதுவது நல்லது. முன்னுரைகளில் "இப்பதிப்பில் சேர்த்துள்ளேன்" போன்ற வரிகள் இருந்தால் உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

குறிப்பு என்ற புலத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. நான் அதைத்தான் மிகவும் மதிக்கிறேன். கட்டுரைத் தொகுப்பு ஒன்றில் பதினைந்து ஆசிரியர்கள் பதினைந்து விஷயங்களைப் பற்றி எழுதியிருப்பார்கள். தலைப்பில் அவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. அந்தப் பதினைந்து தலைப்புகளையும் குறிப்பில் தட்டச்சு செய்துவிட்டால் உள்ளே புதைந்து கிடக்கும் கட்டுரையும் தேடலில் மேலே வரும். தேனீ நூலின் கடைசி இயல் பூச்சிக்கொல்லிகளைப் பற்றியது என்றால், "இறுதி இயல்: பூச்சிக்கொல்லிகளால் தேனீக்களுக்கு நேரும் பாதிப்பு" என்ற ஒரு வரி, சில ஆண்டுகள் கழித்து அந்தக் கேள்வி எழும்போது விடையாகிவிடும். இந்த ஒரு வரியை எந்தச் செயலியும் நமக்காக எழுதித் தராது. நூலைப் படித்தவர்தான் எழுத முடியும்.

சேர்க்கை எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது வெறும் வரிசை எண்: 1, 2, 3. அதற்குள் துறையையோ அலமாரியையோ குறியீடாகத் திணிக்க வேண்டாம், நூல் இடம் மாறியதும் அந்த எண் பொய்யாகிவிடும். எண்ணை நூலின் கடைசிப் பக்கத்தின் மூலையில் பென்சிலால் எழுதினால் போதும். பேனா மை பின்பக்கத்துக்கு ஊறும். ஒட்டுநாடாவின் பசை காலப்போக்கில் பழுத்துத் தாளைக் கெடுக்கும்.

## ஐ.எஸ்.பி.என். சொல்வதும் சொல்லாததும்

பார்கோடை ஸ்கேன் செய்தால் எல்லா விவரமும் வந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அந்தப் பார்கோடில் இருப்பது ஐ.எஸ்.பி.என்., அதாவது சர்வதேசத் தர நூல் எண். 1970-இல் சர்வதேசத் தரமான இந்த எண் அப்போது 10 இலக்கம் கொண்டிருந்தது. 2007-இலிருந்து 13 இலக்கம். தொடக்கம் 978 அல்லது 979. அடுத்த பகுதி நாட்டையோ மொழிப் பகுதியையோ குறிக்கிறது. பிறகு பதிப்பகம், பிறகு அந்தப் பதிப்பகத்தின் குறிப்பிட்ட வெளியீடு. கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படுகிறது, கையால் தட்டும்போது ஓர் இலக்கம் தவறினால் கணக்கு ஒத்துவராமல் பிழை தெரிந்துவிடும்.

கவனித்தால் தெரியும், இந்த எண்ணில் நூலின் பொருளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. விவரங்களும் எண்ணுக்குள் இல்லை. செயலி அந்த எண்ணை ஏதோ ஒரு தரவுத்தளத்தில் தேடுகிறது. அங்கே யாராவது சரியாக எழுதி வைத்திருந்தால் நமக்குச் சரியாக வருகிறது. தமிழ் நூல்களுக்கு இது பல நேரம் வருவதில்லை, அல்லது தலைப்பு ரோமன் எழுத்தில் வந்து நிற்கிறது. அப்படியே விட்டுவிட்டால் தமிழில் தேடும்போது அந்த நூல் அகப்படாது.

இன்னொன்று, ஒரே நூலின் கெட்டி அட்டைப் பதிப்பு, மென் அட்டைப் பதிப்பு, மின்னூல் மூன்றுக்கும் மூன்று தனி ஐ.எஸ்.பி.என். உண்டு. 1970-க்கு முந்தைய நூல்களில் பொதுவாக இந்த எண்ணே கிடையாது. பிறகு வந்தவற்றிலும் எல்லாவற்றிலும் இருப்பதில்லை. அதனால் சேர்க்கை எண்ணின் வேலையை ஐ.எஸ்.பி.என். செய்யாது. ஒரே வெளியீட்டின் இரண்டு பிரதிகள் வீட்டில் இருந்தால் இரண்டுக்கும் ஐ.எஸ்.பி.என். ஒன்றுதான், சேர்க்கை எண்கள் இரண்டு. இரவல் போன பிரதி எது, கோடு போட்டுப் படித்த பிரதி எது என்பதை சேர்க்கை எண்ணால் மட்டுமே சொல்ல முடியும்.

## பொருட்சொற்கள்: பட்டியலின் இதயம்

ஒரு நூல் எதைப் பற்றியது என்று சொல்லும் சொற்களே பொருட்சொற்கள். இங்கேதான் அபுனைவுப் பட்டியல் வெல்வதும் தோற்பதும். மனம்போன போக்கில் எழுதினால் ஒரு நூலுக்குச் "சுற்றுச்சூழல்", இன்னொன்றுக்குச் "சூழலியல்", மூன்றாவதற்கு "இயற்கைப் பாதுகாப்பு" என்று விழும். மூன்று மாதம் கழித்து "சூழலியல்" என்று தேடினால் மூன்றில் ஒன்றுதான் வரும். மற்ற இரண்டும் வீட்டிலேயே இருந்தும் இல்லாததற்குச் சமம்.

இதற்கான வழி, ஒத்த பொருள் தரும் சொற்களில் ஒன்றைத் தேர்ந்து, இனி எப்போதும் அதையே எழுதுவது என்று தீர்மானிப்பது. அப்படித் தீர்மானித்த சொற்களின் தொகுப்புக்கு வரையறுத்த சொற்பட்டியல் என்று பெயர். தனித் தாளிலோ விரிதாளின் இரண்டாவது பக்கத்திலோ அதை எழுதி வைக்கலாம். விலக்கிய சொற்களையும் அங்கேயே எழுதி, "வைத்தியம் — மருத்துவம் என்பதைக் காண்க" என்று வழிகாட்ட வேண்டும். வீட்டில் வேறொருவரும் பதிவு செய்கிறார் என்றால் இந்தத் தாள் இல்லாமல் ஒரு நாள்கூட ஒழுங்கு நிலைக்காது.

அடுத்த விதி, முடிந்தவரை குறிப்பான சொல்லைக் கொடுப்பது. இதுவும் கட்டர் வலியுறுத்தியதுதான். தேனீ நூலுக்கு "தேனீ" என்ற சொல்தான் உரியது. "விலங்குகள்", "அறிவியல்" போன்ற பெருஞ்சொற்களை அதற்குக் கொடுத்தால், அவற்றைத் தேடும்போது பாதி வீடே வந்து கொட்டும். பெரிய வகையைத்தான் அலமாரிப் பிரிவு ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிறதே.

எந்தெந்தச் சொற்களைக் கொடுப்பது என்று திகைப்பவர்களுக்கு எஸ். ஆர். ரங்கநாதனின் சிந்தனை கைகொடுக்கும். கணித ஆசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் அவர். எல்லாப் பொருள்களுக்கும் முன்கூட்டியே எண் ஒதுக்கி வைக்கும் டூயியின் வழி அவருக்குப் போதவில்லை. எந்தப் பொருளையும் அதன் கூறுகளாக உடைத்து, அந்தக் கூறுகளைச் சேர்த்து எண்ணை உருவாக்கலாம் என்றார். லண்டன் கடை ஒன்றில், சில துண்டுகளையே மாற்றி மாற்றிப் பூட்டிப் பல உருவங்கள் செய்யும் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைப் பார்த்தபோது இந்த எண்ணம் தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1933-இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்பு முறை இந்த அடிப்படையில் அமைந்தது. கூறுகளைப் பிரித்துக்காட்டிய முக்காற்புள்ளியே அதற்குப் பெயராயிற்று.

அவர் வகுத்த ஐந்து கூறுகளையும் அவற்றின் நுட்பங்களை விட்டுவிட்டு வீட்டுக்குத் தேவையான ஐந்து கேள்விகளாக மாற்றிக்கொள்ளலாம். நூலின் மையத்தில் இருப்பது எது? எந்தப் பண்டம் பேசப்படுகிறது? என்ன செயல் நடக்கிறது? எங்கே? எப்போது? நம் தேனீ நூலுக்குக் கேட்டால் மையம் தேனீ, பண்டம் தேனும் மெழுகும், செயல் வளர்ப்பும் மகரந்தச் சேர்க்கையும். இடமும் காலமும் அதில் முக்கியமில்லை, விட்டுவிடலாம். ஒரு பஞ்சத்தின் வரலாற்றைச் சொல்லும் நூலுக்கோ இடமும் காலமும்தான் முதலில் வரும். இப்படி ஒவ்வொரு நூலுக்கும் மூன்று முதல் ஐந்து சொற்கள் கிடைக்கும். அலமாரியில் 595.799-க்கும் 638.1-க்கும் நடுவே தீராமல் நின்ற சிக்கல் பட்டியலில் எழவே எழாது. "தேனீ", "தேனீ வளர்ப்பு" இரண்டையும் எழுதிவிடுகிறோம். எந்தப் பக்கமிருந்து வருபவருக்கும் நூல் கிடைக்கிறது.

ஆசிரியர் பெயர்களுக்கும் இதே ஒழுங்கு வேண்டும். உ. வே. சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாதையர், உ.வே.சா. என்று அட்டைகளில் பலவாறு அச்சாகியிருப்பது ஒரே அறிஞரின் பெயர்தான். ஒரு வடிவத்தைத் தேர்ந்து எல்லாப் பதிவுகளிலும் அதையே எழுதி, மற்றவற்றுக்குக் "காண்க" குறிப்பு இட்டால் அவருடைய நூல்கள் ஒன்றுசேரும். முன்னெழுத்தைப் பெயருக்குப் பின்னால், "சாமிநாதையர், உ. வே." என்று எழுதினால் அகரவரிசையும் பெயரைக் கொண்டு அமையும். புனைபெயரில் எழுதுபவர்களுக்கு, எந்தப் பெயரால் வாசகர்கள் அவரை அறிவார்களோ அந்தப் பெயரே பொருத்தமானது.

இதுவரை வந்ததைக் கோத்துப் பார்ப்போம். பிரதிக்கு ஓர் எண், அலமாரியில் ஓர் இடம், பட்டியலில் ஒரு பதிவு, அந்தப் பதிவைச் சென்றடையப் பல சொற்கள். சொற்கள் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்க வேண்டும். இவ்வளவுதான் அடிப்படை.

## பிறர் எழுதியதை எடுத்தாள்வது

எல்லாவற்றையும் நாமே தொடக்கத்திலிருந்து எழுத வேண்டியதில்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1901-இலேயே தன் பட்டியல் அட்டைகளை அச்சடித்து மற்ற நூலகங்களுக்கு விற்கத் தொடங்கியது. ஒருவர் செய்த பதிவை மற்றவர் எடுத்துப் பயன்படுத்துவது நூலகத் துறையில் அவ்வளவு பழைய வழக்கம். ஆங்கில அபுனைவு நூல்கள் பலவற்றில் தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பொருள் தலைப்புகளும் டூயி எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். அதைப் பார்த்துப் பொருட்சொற்களை முடிவு செய்வது எளிது.

இணையத்தில் லைப்ரரிதிங் என்ற தளம் 2005 முதல் வீட்டு நூலகங்களுக்கென்றே இயங்குகிறது. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய ஆவணக் காப்பகம் நடத்தும் ஓப்பன் லைப்ரரியில் பதிவுகளைத் தேடவும் திருத்தவும் முடியும். எந்தக் கருவியைத் தேர்ந்தாலும் ஒரு நிபந்தனையை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: பட்டியல் முழுவதையும் சி.எஸ்.வி. கோப்பாக வெளியே எடுக்க முடிய வேண்டும். சி.எஸ்.வி. என்பது புலங்களைக் காற்புள்ளியால் பிரித்து எழுதிய வெறும் உரைக் கோப்பு. எல்லா விரிதாள் மென்பொருள்களும் அதைத் திறக்கும். செயலி நின்றுபோனாலும் உழைப்பு நம்மிடம் இருக்கும்.

## பகிர்வது என்றால் என்ன?

பகிர்வு என்றதும் இரவல் மட்டுமே நினைவுக்கு வருகிறது. இரவல் கொடுத்த நூல் திரும்பாது என்ற அச்சமும் கூடவே வருகிறது. ஆனால் பட்டியலைப் பகிர்வது ஒன்று, நூலை வீட்டிலேயே வந்து படிக்கத் தருவது ஒன்று, எடுத்துச் செல்லத் தருவது ஒன்று. நண்பர்களுக்குப் பட்டியலை மட்டும் அனுப்பினாலே பெரும்பயன் உண்டு. இப்படி ஒரு நூல் இருக்கிறது என்பதே பலருக்கு அதன் மூலம்தான் தெரியவரும். அபூர்வமான, உடையும் நிலையில் உள்ள நூலுக்கு "இங்கே படிக்க மட்டும்" என்று குறித்துவிட்டால் மறுப்பதற்குச் சங்கடப்பட வேண்டியதில்லை.

ஐரோப்பாவின் பழைய நூலகங்களில் நூல்களை அலமாரியோடு சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவதை விளக்கும்போது இந்தச் சங்கிலிகளைத்தான் எடுத்துக்காட்டுகிறார். நூல்கள் பயன்பாட்டுக்கு உரியவை என்பது அந்த விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பவை அடுத்த இரண்டு. மூன்றாவது விதியை வீட்டு நூலகம் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நாம் ஒருமுறை படித்து முடித்த நீரியல் நூலுக்கு உரிய வாசகர் நம் நண்பர் வட்டத்தில் யாரோ ஒருவராக இருக்கக்கூடும். பட்டியலைக் கண்ணில் காட்டாதவரை அவருக்கு அது தெரியாது, நமக்கும் அவரைத் தெரியாது.

எடுத்துச் செல்லக் கொடுக்கும்போது நூல் பதிவில் கைவைக்க வேண்டாம். இரவலுக்குத் தனித் தாள் வைத்து, சேர்க்கை எண், பெற்றவர் பெயர், கொடுத்த நாள், திருப்பித் தருவதாகச் சொன்ன நாள் ஆகிய நான்கை எழுதினால் போதும். திருப்பித் தரும் நாளைக் கொடுக்கும்போதே பேசிவிட வேண்டும். பெரும்பாலான நூல்கள் திரும்பாமல் போவது கெட்ட எண்ணத்தால் இல்லை. எப்போது தர வேண்டும் என்று பேசப்படாததால், தருவதற்கான நாள் வருவதே இல்லை.

நூல் திரும்பியதும் அந்த வரியிலிருந்து பெற்றவரின் பெயரை நீக்கிவிடுவது நல்ல வழக்கம். யார் எதைப் படிக்கிறார் என்பது அவருடைய தனிப்பட்ட விஷயம். நோயைப் பற்றியோ மணமுறிவைப் பற்றியோ ஒருவர் வாங்கிப் படித்த நூலின் பெயர், நாம் வேறொருவருக்கு அனுப்பும் கோப்பில் அவர் பெயரோடு போகக் கூடாது. வாசகரின் இரகசியத்தைக் காப்பதை நூலகர்கள் தங்கள் தொழில் நெறியாகவே கொண்டிருக்கிறார்கள். பொதுவெளியில் பட்டியலை வைப்பதாக இருந்தால் குறிப்புப் புலத்தில் உள்ள அந்தரங்கக் குறிப்புகளையும் வீட்டு முகவரியையும் எடுத்துவிட்டு வைக்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றியும் தெளிவு வேண்டும். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு போன்ற விவரங்களைப் பகிர்வதில் தடையில்லை. விலைக்கு வாங்கிய அச்சுப் பிரதியை நண்பருக்கு இரவல் கொடுப்பதும் பொதுவாகப் பதிப்புரிமையை மீறுவதாகாது, ஏனென்றால் அங்கே புதிய நகல் எதுவும் உருவாகவில்லை. அதே நூலை ஸ்கேன் செய்து கோப்பாக அனுப்பினால் நகல் உருவாகிவிடுகிறது. பதிப்புரிமைக் காலம் முடியாத நூலுக்கு அது உரிமையாளரின் அனுமதியில்லாமல் செய்யக் கூடாதது. மின்னூல் கடைகளில் நாம் காசு கொடுத்துப் பெறுவதும் பெரும்பாலும் படிக்கும் உரிமம்தான், அதைப் பிறருக்குக் கொடுக்க முடியுமா என்பது அந்த உரிமத்தின் விதிகளைப் பொறுத்தது. மின்னூல்களையும் பட்டியலில் சேர்த்திருந்தால் "மின்னூல்" என்று வடிவத்தைக் குறித்து வைத்தால்தான் இரவல் கேட்பவருக்கு முன்கூட்டியே தெரியும்.

## நூல் வீட்டைவிட்டுப் போகும்போது

நூலகம் வளரும் உயிர் என்பது ரங்கநாதனின் ஐந்தாவது விதி. வளர்வதில் சில நூல்கள் உதிர்வதும் அடங்கும். காலாவதியான கணினிக் கையேட்டையோ, புதிய பதிப்பு வாங்கியபின் தேவைப்படாத பழைய பதிப்பையோ கொடுத்துவிட்டால் அதன் பதிவை அழித்துவிடத் தோன்றும். அழிக்காமல் "கொடுக்கப்பட்டது" என்று ஆண்டோடு குறித்து வைப்பது நல்லது. இரண்டு ஆண்டுகள் கழித்து அலமாரி அலமாரியாகத் தேடும் வேலை மிச்சமாகும். அதன் சேர்க்கை எண்ணை வேறு நூலுக்குக் கொடுக்கவும் கூடாது. பழைய இரவல் தாளில் அந்த எண் குறிப்பது எந்த நூலை என்ற ஐயம் பிறகு தீராது. அடுத்து வரும் நூலுக்கு அடுத்த எண்.